கடைசியில் இறங்குகிறவள்

கடலூர் முதுநகர்,
8.7.2024

அன்புத் தங்கை அல்மாஸுக்கு, லாத்தா ரசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் இறைவன் புண்ணியத்தில் சுகம். மச்சானுக்கு முழங்கால் வலி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி கிளம்ப மாட்டேன் என்கிறது. நீ, மகள் ரூமானா, உன் மாமியார் எல்லாரும் எப்படி? சவூதியில் தம்மாமிலிருந்து உன் வீட்டுக்காரர் நசீர் ஒழுங்காகப் பேசுகிறாரா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டுப் போன் எந்நேரமும் ஹாலில் கிடக்கிறது. காது மந்தமான உன் மாமியார் எந்தப் பேச்சையும் ஸ்பீக்கரில் போடாமல் விடுவதில்லை. போன ரம்ஜானுக்கு நான் அவரைப் பற்றிச் சொன்னதை அவரே கேட்டுவிட்டுச் சிரித்தாரே, அதோடு எனக்குப் போன் ஆசை போய்விட்டது. நமக்குத் தபால்காரரே கதி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கெடிலம் பெண்கள் கால்பந்துக் குழு என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கோச் சத்யப்பிரியா காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறாள். பந்து, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் பார்க்கத் துணைக்குழு ஒன்று வேண்டுமாம். என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு நேரம் இருக்கும் என்று கண்டுபிடித்தவர் அன்பரசு. அவர் மகளும் விளையாடுகிறாள். நான் கோபப்பட்டிருக்க வேண்டும், ஆனால் சந்தோஷமாக இருந்தது.

சிதம்பரத்தில் இந்த வேலையை ஐந்து வருஷம் பார்த்தவள் நீ. எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுது. பெரிய கவலை ஒன்று தீர்ந்துவிட்டது. வேன் கிடைத்துவிட்டது! உங்கள் ஊரிலிருந்து இங்கே குடிவந்திருக்கும் ராஜாமணி சார், டீசல் காசுகூட வேண்டாம் என்கிறார். யார் என்னவென்று கேட்பதற்குள் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். பொன்னாடையோடு அவர் நிற்கிறார், கேடயத்தை அவர் கையில் கொடுப்பது நீ! அப்புறம் எனக்கு என்ன விசாரணை? இப்படி ஒரு நல்ல மனுஷரைப் பற்றி நீ மூச்சே விட்டதில்லையே.

ரூமானா ஏன் கோல் கீப்பிங்கை விட்டாள்? பிளஸ் டூ என்றால் பந்தைத் தொடக்கூடாதா? அவளுக்கு என் முத்தம்.

துஆவில் மறவாத,
லாத்தா ரசியா

*

சிதம்பரம்,
29.7.2024

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லாரும் நலம். மச்சானுக்கு முழங்காலில் வேப்பெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போக முடியவில்லை, அதனால்தான் தாமதம்.

கேட்டதற்கு எழுதுகிறேன். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு டீ கொடுக்காதீர்கள், அவித்த முட்டை கொடுங்கள். பையில் ஐஸ், பேண்டேஜ் மட்டும் போதாது. நாப்கினும் ஊக்கும் எப்போதும் இருக்கட்டும், பிள்ளைகள் கேட்க வெட்கப்படுவார்கள், கேட்காமலே எடுக்கிற இடத்தில் வையுங்கள். அப்பாக்கள் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினால் கோச் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்காது, அவர்களுக்குத் தண்ணீர் கேன் தூக்கும் வேலை கொடுங்கள். கோல் போடாத பிள்ளையின் அம்மாவிடம் முதலில் போய்ப் பேசுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

வேன் எதற்கு லாத்தா? பஸ் இருக்கிறதே. எங்கள் பிள்ளைகள் முதல் மூன்று வருஷம் பஸ்ஸில்தான் போனார்கள்.

ரூமானா படிக்கிறாள். நான் குழுவை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, எல்லாம் மறந்தும் போயிற்று.

இப்படிக்கு,
அல்மாஸ்

*

கடலூர் முதுநகர்,
5.8.2024

அல்மாஸ், ஸலாம். நலம், நலமே நாடுகிறேன்.

முட்டை யோசனை பிரமாதம். அன்பரசு இப்போது கேன் தூக்குகிறார், கத்துவதற்கு மூச்சு மிச்சமில்லை. ஆனால் பஸ் என்று எழுதினாயே, சிப்காட் பக்கம் இருக்கிற பிள்ளை பயிற்சி முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க முடியுமா? அங்கேயிருந்து ஒருத்தி வருகிறாள், கயல்விழி. அம்மா சின்னம்மாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஷிப்ட் வேலை. அப்பா இல்லை. அந்தப் பெண் ஓடினால் நீ பார்க்க வேண்டும், தரையில் கால் படுகிறதா என்று சந்தேகம் வரும். வேன் இல்லையென்றால் அவள் இல்லை.

ராஜாமணி சார் தங்கம். பிள்ளைகளுக்குத் தினம் வாழைப்பழம் வாங்கி வருகிறார். நான் அவரைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் நீ பதில் போடவில்லை, மறந்துவிட்டாய் போல.

18ஆம் தேதி உங்கள் ஊரில் போட்டி. நீயும் ரூமானாவும் கட்டாயம் மைதானத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் உன் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் திட்டுவேன்.

உன் வருகையை எதிர்பார்க்கும்,
லாத்தா

*

சிதம்பரம்,
10.9.2024

அன்புள்ள லாத்தாவுக்கு, உங்கள் உடம்புக்கும் மச்சான் உடம்புக்கும் ஆண்டவன் துணை இருக்கட்டும்.

போட்டிக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். எனக்குக் காய்ச்சல். ரூமானாவுக்கும் சரியில்லை.

ஒன்று சொல்கிறேன், செய்யுங்கள். வேனில் எப்போதும் இரண்டு அம்மாக்கள் போகட்டும். யார் முதலில் இறங்குவது, யார் கடைசியில் இறங்குவது என்ற வரிசையை நீங்களே போடுங்கள். டிரைவரிடம் விடாதீர்கள். முன் சீட்டில் பிள்ளைகள் யாரும் உட்கார வேண்டாம். எல்லாக் குழுக்களிலும் இப்படித்தான்.

வேறு விசேஷம் இல்லை.

அல்மாஸ்

*

கடலூர் முதுநகர்,
22.9.2024

அல்மாஸுக்கு, ஸலாம். உன் காய்ச்சல் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மச்சான் சுகம். எனக்குத்தான் உடம்பு நன்றாக இருந்தும் தூக்கம் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. பெரிய பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி சட்டம் போடுகிறாளே என்று நினைத்தேன். பிறகு அன்றைய போட்டி ஞாபகம் வந்தது. சிதம்பரத்திலிருந்து திரும்பி வரும்போது சிப்காட் முதலில் வரும், கடலூர் அப்புறம்தான். கயல்விழிதான் முதலில் இறங்க வேண்டியவள். அன்றைக்கு நான் வேனில் இருந்தேன், என்னை முதுநகரில் இறக்கிவிட்டார். கயல்விழி அப்போதும் வேனில்தான் இருந்தாள், முன் சீட்டில். எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை!

நேற்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். "எங்க வீடும் அந்தப் பக்கம்தானேம்மா. எல்லாரையும் விட்டுட்டு, போற வழியில அந்தப் புள்ளைய விட்டுட்டுப் போறேன். இதுல என்னா இருக்கு?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கயல்விழி இப்போது வாழைப்பழம் வாங்குவதில்லை. பந்து அவள் பக்கம் வந்தால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சத்யப்பிரியா கேட்டால் வயிற்று வலி என்கிறாள்.

அல்மாஸ், நேராகவே கேட்கிறேன். அவரை ஏன் உங்கள் குழுவிலிருந்து அனுப்பினீர்கள்? எனக்குப் பதில் வேண்டும். மூன்று தடவை போன் செய்துவிட்டேன். உன் மாமியார் எடுத்து, நீ குளிக்கிறாய் என்கிறார். மூன்று தடவையுமா குளிப்பாய்?

ரசியா

*

கடலூர் முதுநகர்,
15.10.2024

அன்புத் தங்கைக்கு, ஸலாம். உன் கடிதம் வரவில்லை. நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

இரண்டு அம்மாக்கள் என்ற சட்டத்தைப் போன வாரம் கொண்டுவந்தேன். வரிசையும் நானே போட்டேன். ராஜாமணிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னெ சந்தேகப்படுறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து வேன் இல்லை. மாவட்டப் போட்டி வருகிறது. பெற்றோர் எல்லாரும் என் வீட்டு வாசலில். அன்பரசு சொன்னார், "அக்கா, உங்களுக்கு இதுல அனுபவம் இல்ல. நல்ல மனுஷன அவமானப்படுத்திட்டீங்க. அவுருக்கு ஒரு பாராட்டு விழா வச்சு, பொன்னாடை போட்டு, கேடயம் குடுத்து கூட்டியாருவோம். உங்க தங்கச்சியே குடுத்திருக்காங்களே, நீங்க குடுக்க மாட்டீங்களா?"

நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பேசிவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். தலைவி என்ற முறையில் கேடயத்தை நான்தான் கொடுக்க வேண்டுமாம். அன்றைய தினமே இரண்டு அம்மா சட்டத்தை ரத்து செய்வதாகவும் அறிவிக்க வேண்டுமாம்.

நான் என்ன செய்ய? நீ வாயைத் திறந்தால்தான் எனக்கு வழி.

லாத்தா

*

சிதம்பரம்,
24.10.2024

லாத்தா, ஸலாம்.

கேடயம் கொடுக்காதீர்கள். சட்டத்தையும் எடுக்காதீர்கள். என்னிடம் காரணம் கேட்காதீர்கள்.

இந்த ஊரில் எனக்கு மாமியார் இருக்கிறார், ஜமாத் இருக்கிறது, நாளைக்கு ரூமானாவுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒரு பெண்ணைப் பெற்றிருந்தால் இதற்கு மேல் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அல்மாஸ்

*

கடலூர் முதுநகர்,
28.10.2024

அல்மாஸ்,

ஸலாம் சொல்லாமல் தொடங்கக்கூடாது, ஆகவே ஸலாம். நலம் விசாரிக்க இன்றைக்கு மனசு இல்லை.

பெற்றிருந்தால் என்று எழுதினாய். சரி, பெறவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்திருந்தேன். மச்சான் வந்து என்ன என்று கேட்டார், வெங்காயம் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக ஊர் கேட்டதுதான், உன்னிடமிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் சின்னம்மாள் பெற்றிருக்கிறாள். அவளுக்கும் நாளைக்கு ஒரு இடம் பார்க்க வேண்டியிருக்கும். உன் மகளைச் சுற்றி நாலு சுவர் இருக்கிறது, அவள் மகளுக்கு வேனில் ஒரு சீட்தான் இருக்கிறது. காரணம் சொல்லாமல் நான் எதைச் சொல்லி விழாவை நிறுத்துவேன்? தங்கச்சி வேண்டாம் என்றாள், ஏன் என்று சொல்ல மாட்டாளாம் என்றா?

நானே ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன். போட்டோவில் தேதி இருந்தது. ரூமானா பந்தை விட்ட மாதமும் நீங்கள் அந்த ஆளுக்குப் பொன்னாடை போட்ட மாதமும் ஒன்றுதான். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் நினைப்பது தப்பென்றால், தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. உன் காலில் விழுகிறேன்.

ரசியா

*

சிதம்பரம்,
5.11.2024

பெரியம்மாவுக்கு ரூமானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அம்மா சமையல்கட்டில் அழுதுகொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். பெரியம்மாவை அவருக்குக் கேடயம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். மீதி எனக்கே தெரியும்.

நான் படிப்புக்காக விளையாட்டை விடவில்லை. எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான், நான்தான் முதலில் இறங்க வேண்டியவள். ஆனால் கடைசியில்தான் இறங்குவேன். முன் சீட்டில் உட்காரச் சொல்வார். அதற்கு மேல் எழுத முடியவில்லை, நேரில் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை நம்பினாள், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழுவில் பெரியவர்கள் சிலரிடம் போய்ப் பேசினாள். அவர்கள்தான், வெளியே தெரிந்தால் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள், குழுவே போய்விடும் என்றார்கள். சண்டை போட்டு அனுப்பினால் அந்த ஆள் என் பெயரை ஊரெல்லாம் சொல்வார், மரியாதை பண்ணி அனுப்பினால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார் என்றார்கள். போகவும் போனார். குழுவில் எல்லாரும் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அம்மா அன்று வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அவர் உங்கள் ஊருக்குப் போவார் என்று யாரும் யோசிக்கவில்லை.

கயல்விழி எங்கே உட்காருகிறாள் என்று எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறேன். முதுநகர் ஸ்டாப்பில் நில்லுங்கள்.

உங்கள் ரூமானா

*

கடலூர் முதுநகர்,
10.11.2024, ஞாயிறு மாலை

என் அல்மாஸுக்கு, ஸலாம். இதை ரூமானா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். மச்சான் உன் வாசல் வரை கூட வருவார். பிள்ளையைத் திட்டாதே. நேற்று அவள் இங்கே தங்கியதை உன் மாமியாரிடம் நான்தான் போனில் சொன்னேன், ஏன் எதற்கு என்று சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் நானும் ரூமானாவும் சிப்காட் போனோம். சின்னம்மாள் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தாள். மூன்று பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். கயல்விழி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பேச வாயெடுத்தேன். ரூமானா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, "நானும் முன் சீட்டுலதான் ஒக்காந்திருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பெண் திரும்பி அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

சின்னம்மாள் அழவில்லை. "இந்தாளுக்கா நாளைக்கு மால போடப் போறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

இன்று காலை மண்டபத்தில் நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது. வாசலில் ஃப்ளெக்ஸில் அந்த ஆள் சிரிக்கிறார். பட்டுக்கரை வேட்டியில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அன்பரசு கேடயத்தை என் கையில் கொடுத்து மைக்கைத் தந்தார். கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். "இந்த விழா நடக்காது. நம்ம புள்ளைங்கள்ள ஒருத்தியோட அம்மா இப்ப மகளிர் ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்காங்க. இவுரு மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்குறாங்க. நானும் அங்கதான் போறேன்" என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. அந்த ஆள் எழுந்து கதவுப் பக்கம் போனார். கதவை மறித்துக்கொண்டு நின்றது சத்யப்பிரியா. அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றது யார் தெரியுமா, அன்பரசு. அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. போலீஸ் வந்து அழைத்துப் போனார்கள்.

நீங்கள் பயந்தது நடக்காமலும் இல்லை. பாதிப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு மைதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. ஒருத்தி வந்தாலும் முட்டை அவித்துக்கொண்டு போவேன்.

இப்போது நான் கேட்கப்போவது பெரிய விஷயம். ஸ்டேஷனில் அந்த ஆள் முதலில் எடுத்து வைத்தது அந்தப் போட்டோவைத்தான். "நான் தப்பானவன்னா சிதம்பரத்துல இந்தம்மா ஏன் கேடயம் குடுத்தாங்க?" என்றாராம். நீ சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருக்கிறது. ஒரு கேன்டீன்காரியின் பேச்சுக்கு எதிராக உன் சிரிப்பை வைத்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்கிறார்கள். ரூமானா சொல்லத் தயார், அவளோடு அம்மா வர வேண்டும். அவள் பெயர் வெளியே வராது என்று இன்ஸ்பெக்டர் அம்மா உறுதி சொல்லியிருக்கிறார்.

வராவிட்டால் உன்னை வெறுக்க மாட்டேன். ஆனால் வா.

உன் லாத்தா

*

சிதம்பரம்,
16.11.2024

என் லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள். வாசல் வரை வந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பெற்றிருந்தால் என்று நான் எழுதியது மன்னிக்கக்கூடியதா என்று தெரியவில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று வந்தபோது என் மகள் பஸ் ஏறி உங்களிடம்தான் வந்தாள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் எதுவும் செய்யவில்லை. நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்து நசீர் போன் செய்தார். வழக்கம்போல ஹாலில், வழக்கம்போல ஸ்பீக்கரில். மாமியார் சோபாவில். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று எழுந்தேன். ரூமானா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன். இருந்த இடத்திலேயே சொன்னேன். வேன், முன் சீட், பொன்னாடை, எல்லாம்.

நசீர் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "என்னா சொல்றே? காதுல விழல, சத்தமா சொல்லு" என்றார். லாத்தா, ஒன்றரை வருஷமாக உங்களுக்கு எழுதக்கூட முடியாததை இரண்டாம் தடவை முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. சொல்லி முடித்ததும் நசீர், "புள்ள சாப்புட்டாளா?" என்று கேட்டார். அவர் அழுவதை நான் முதல் தடவையாகக் கேட்டேன். மாமியார் எழுந்து போய் ரூமானாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வருகிறோம். போட்டோவில் சிரிப்பது நான்தான், ஏன் சிரித்தேன் என்பதையும் நானே சொல்கிறேன். ரூமானா பழைய பூட்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், விரல் இடிக்கிறதாம். அங்கே கடை எப்போது திறப்பார்கள் என்று கேட்கிறாள்.

இனிமேல் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம் லாத்தா. போன் செய்யுங்கள். நான் ஹாலில்தான் இருப்பேன்.

உங்கள் அல்மாஸ்